மாருதி 800: ஹெட் கேஸ்கெட் போய்விட்டது; கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதுமா, ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டுமா?

வைகைக்கரை97 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1997ஆம் ஆண்டு மாருதி 800 கார் இருக்கிறது. கார்புரேட்டர் பொருத்திய, ஆறு வால்வுகள் கொண்ட 796 சிசி என்ஜின். அப்பா வாங்கிய முதல் கார் என்பதால் அதைக் கொடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. சென்ற மாதம் மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்து, தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டது. வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டை எட்டியதும் தம்பி வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டான்.

ஹோஸை மாற்றித் தண்ணீர் நிரப்பிய பிறகு வண்டி ஓடுகிறது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது போலக் குலுங்குகிறது. என்ஜின் சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லைப் போல இறுகிவிடுகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தால் குமிழிகள் இடைவிடாமல் வருகின்றன. அடியில் எங்கும் ஒழுகாமலேயே தண்ணீர் குறைகிறது. மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தி வைத்துக் கம்ப்ரஷன் பார்த்ததில் முதல் சிலிண்டரில் 12, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 6.5 கிலோ காட்டியது.

மூன்று மெக்கானிக்குகளிடம் விசாரித்தேன். ஒருவர், ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) பிளாக்குக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் பகுதி) நடுவே இருக்கும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் ஹெட்டைக் கட்டாயம் ஃபேஸிங் செய்ய வேண்டும், அதாவது அடிப்பரப்பைச் செதுக்கிச் சமப்படுத்த வேண்டும் என்கிறார். மற்றொருவர் பழைய உதிரிபாகக் கடையில் வேறு ஹெட் வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ஆகியவற்றை நானே மாற்றியிருக்கிறேன், டார்க் ரெஞ்சும் (குறித்த அளவுக்கு முடுக்க உதவும் ஸ்பேனர்) இருக்கிறது. எனவே இந்த வேலையை வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். என்ஜினை வண்டியிலிருந்து இறக்க வேண்டுமா? ஹெட் போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாமா? கேஸ்கெட்டின் மீது பசை தடவ வேண்டுமா? 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் முடுக்க வேண்டும் என்று சொல்கிறார்களே, அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மூன்றுசிலிண்டர் எழுதியது:

நண்பரே, நீங்கள் கொடுத்திருக்கும் அளவுகளே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. அடுத்தடுத்துள்ள இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒரே அளவுக்கு விழுந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்து, ஒன்றின் அழுத்தம் மற்றொன்றுக்குள் போகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். ரேடியேட்டரில் வரும் குமிழிகள், அதே கேஸ்கெட் தண்ணீர் வழிக்கும் திறந்துவிட்டதைக் காட்டுகின்றன. சந்தேகம் இருந்தால் அந்த இரு சிலிண்டர்களிலும் சில துளி என்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அளவு நன்றாக உயரும். கேஸ்கெட்டோ வால்வோ காரணமாக இருந்தால் பெரிதாக மாறாது. ஹெட்டைத் திறப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ரிங் தேய்ந்த என்ஜினுக்கு ஹெட் வேலை மட்டும் செய்தால் செலவழித்த பணம் வீண்.

என்ஜினை இறக்க வேண்டியதில்லை. அது வண்டியில் இருக்கும்போதே ஹெட்டைக் கழற்றிவிடலாம். என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினால், நேராக இருந்த ஹெட்டும் வளைந்துவிடக்கூடும். முந்தைய இரவே வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்த பிறகு, ஏர் கிளீனர், ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் ஹோஸ்கள், வாக்குவம் ஹோஸ்கள் என்று ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஒவ்வொரு ஹோஸிலும் அது போய்ச் சேரும் இடத்திலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிட்டு, கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். கார்புரேட்டர் வண்டிகளில் ஒரு வாக்குவம் ஹோஸ் இடம் மாறினாலும் ஐட்லிங் சீராக இருக்காது. பிறகு புதிய கேஸ்கெட்டையே சந்தேகப்பட வேண்டிய நிலை வரும். சைலன்ஸர் குழாயை மேனிஃபோல்டுடன் இணைக்கும் நட்டுகளுக்கு முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். இந்த வேலையில் ஸ்டட் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டின் குறிகளையும் நேர்ப்படுத்துங்கள். டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றும்போது ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்வு கவரை எடுத்ததும், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் தளர்த்திவிடுங்கள். அப்போதுதான் எந்த வால்வும் திறந்தபடி நிற்காது. அதன் பிறகு ஹெட் போல்ட்டுகளுக்கு வரலாம். தளர்த்தும்போது இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒரே மூச்சில் கழற்றாமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். முடுக்கும்போது வரிசை நேரெதிரானது. நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போக வேண்டும்.

போல்ட்டுகள் எல்லாம் வந்த பிறகும் ஹெட் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பிவிடாதீர்கள். அலுமினியத்தில் விழும் அந்த ஒரு கீறல் வழியாகவே பிறகு தண்ணீர் கசியும். கொட்டாப்புளியால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் பிடி விட்டுவிடும். வெளியே எடுத்த ஹெட்டைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு மரக்கட்டைகளின் மீது வையுங்கள். பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது எங்கே எரிந்திருக்கிறது என்பதுதான் நோயின் குறிப்பு.

மாட்டும் வேலையில் நான் மிகவும் வற்புறுத்துவது சுத்தத்தைத்தான். பிளாக்கின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் கேஸ்கெட் துணுக்குகளைச் சுரண்டும்போது சிலிண்டர்களைத் துணியால் அடைத்து வையுங்கள். வேகமாக முடியட்டும் என்று டிரில்லில் உப்புத்தாள் வட்டு மாட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. அது பரப்பில் பள்ளம் உண்டாக்குவதோடு, அதிலிருந்து உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்குகளையும் தின்றுவிடும். அடுத்தது போல்ட் துளைகள். ஹெட்டைத் தூக்கும்போது தண்ணீரும் ஆயிலும் அந்தத் துளைகளுக்குள் இறங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடிப்பக்கம் மூடிய துளையில் திரவம் தேங்கியிருக்க, அதன் மீது போல்ட்டை முடுக்கினால், திரவம் சுருங்காது என்பதால் அழுத்தம் முழுவதும் பிளாக்கின் சுவர் மீது போகும். வார்ப்பிரும்பு பிளாக்கே விரிசல் விடக்கூடும். அப்படி உடையாவிட்டாலும், டார்க் ரெஞ்ச் சொன்ன அளவைக் காட்டிவிடும், ஆனால் ஹெட்டின் மீது இறுக்கம் விழுந்திருக்காது. பனியன் வேஸ்ட்டை ஒரு மெல்லிய கம்பியில் சுற்றி ஒவ்வொரு துளையிலும் அடிவரை விட்டுத் திருப்பி எடுங்கள். துணி உலர்ந்து வெளியே வரும் வரை இதைச் செய்ய வேண்டும்.

போல்ட்டுகளைப் பொறுத்தவரை, கோணக் கணக்கில் முடுக்கும் வகையைச் சேர்ந்த போல்ட்டுகள் ஒரு முறை நீண்டுவிட்டால் அவ்வளவுதான், புதிதாகவே போட வேண்டும். உங்கள் என்ஜினைப் போன்ற பழைய வடிவமைப்புகளில், டார்க் அளவுக்கு மட்டும் முடுக்கும் போல்ட்டுகளை நல்ல நிலையில் இருந்தால் மீண்டும் பயன்படுத்தலாம். மரை நசுங்கியிருந்தாலோ, உடல் ஓரிடத்தில் மெலிந்திருந்தாலோ, வரிசையாக நிறுத்திப் பார்க்கும்போது ஒன்று மட்டும் நீளமாக இருந்தாலோ தயங்காமல் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். முடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. மீதி எல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே கரைந்துவிடும். துருப்பிடித்த மரையும் சுத்தமான மரையும் ஒரே டார்க் அளவில் வெவ்வேறு இறுக்கத்தைத் தருவது இதனால்தான். மரைக்கு ஆயில் தடவுவதா, உலர்ந்தபடியே போடுவதா, இறுதி அளவு எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் ஆண்டு மாடலின் பட்டறைக் கையேட்டில் இருக்கும். அதையே பின்பற்றுங்கள். இறுதி அளவை மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எல்லா போல்ட்டுகளையும் வரிசைப்படி முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

கையேடு சொல்லாத இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பசை வேண்டாம். பிதுங்கும் பசை தண்ணீர் வழியிலோ ஆயில் வழியிலோ போய் அடைத்துக்கொள்ளும். பெல்ட்டை மாட்டிய பிறகு ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன், ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். கேம் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதால் ஒரு சுற்றோடு நிறுத்திவிடக் கூடாது. எங்காவது தடுக்கினால் வலிந்து திருப்பாதீர்கள்.

லேத்பட்டறை எழுதியது:

மேலே நண்பர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். என்ஜின் ரீகண்டிஷனிங் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், ஃபேஸிங் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஃபேஸிங் கட்டாயம் என்பதும் தேவையில்லை என்பதும், அளந்து பார்ப்பதற்கு முன் சொல்லப்பட்டால் இரண்டுமே ஊகம்தான்.

உங்கள் வண்டியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரிவடையும். ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள ஹெட் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது சுமார் 0.4 மி.மீ. நீள முயல்கிறது. அடியில் இருக்கும் பிளாக் 0.2 மி.மீ. மட்டுமே நீள்கிறது. வழக்கமான சூட்டில் இந்த வேறுபாட்டைக் கேஸ்கெட் தாங்கிக்கொள்ளும். தண்ணீரே இல்லாமல் ஓடி வெப்பநிலை எகிறும்போது, விரிய முயலும் ஹெட்டைப் போல்ட்டுகள் விடாமல் பிடித்துக்கொள்ள, உலோகம் உள்ளுக்குள் நசுங்கி, குளிரும்போது வில்லாக வளைந்து நிற்கிறது. அந்த ஹெட்டின் அடியில் புதிய கேஸ்கெட்டை வைத்து முடுக்கினால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், பிறகு அதே இடத்தில் மறுபடியும் எரியும். "கேஸ்கெட் மட்டும் போதும்" என்று செய்யப்பட்ட வண்டிகள் திரும்பவும் எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வந்து சேர்வது இப்படித்தான், அதற்குள் உரிமையாளர் இரண்டு மடங்கு செலவழித்திருப்பார்.

அளப்பதற்கு நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (துல்லியமான நேர்விளிம்புச் சட்டம்) ஒன்றும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலோ அலுமினியப் பட்டையோ உதவாது. ஹெட்டின் பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, நீளவாக்கில் இரு ஓரங்களிலும் நடுவிலும், பிறகு இரண்டு மூலைவிட்டங்களிலும், சிலிண்டர்களுக்கு இடையே குறுக்காகவும் ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து, அடியில் 0.05 மி.மீ. தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஹெட் எல்லையைத் தாண்டிவிட்டது, ஃபேஸிங் வேண்டும். நுழையாவிட்டால் ஃபேஸிங் தேவையில்லை, பரப்பைச் சுத்தம் செய்தாலே போதும். பிளாக்கின் மேற்பரப்பையும் இதே போல அளக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

ஃபேஸிங் செய்தால் கம்ப்ரஷன் கூடிவிடுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. எனவே 0.1 மி.மீ. எடுத்தால் ஒரு சிலிண்டரின் எரியறையில் அதிகபட்சமாக 0.37 சிசிதான் குறையும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 265 சிசி என்றிருக்க, இது பொருட்படுத்த வேண்டிய அளவே அல்ல. ஏற்கெனவே ஓரிரு முறை செதுக்கப்பட்ட ஹெட்டாக இருந்தால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரரிடம் "தேவையான அளவுக்கு மட்டும்" என்று அழுத்திச் சொல்லி, எவ்வளவு எடுத்தார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஹெட் வில்லாக வளையும்போது அடிப்பரப்பு மட்டும் வளைவதில்லை, மேலே கேம் ஷாஃப்ட் ஓடும் துளைகளும் சேர்ந்தே வளைகின்றன. அடிப்பரப்பைச் செதுக்கினால் அது மட்டும் நேராகும், கேம் துளைகள் வளைந்தபடியே இருக்கும். ஆகவே வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை எடுத்துவிட்டுக் கேம் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். விரல் நுனியின் பலத்துக்கே எந்த இடத்திலும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் இறுகி மறு இடத்தில் தளர்ந்தால் அந்த ஹெட்டை ஃபேஸிங் மட்டும் செய்து மாட்டுவதில் பயனில்லை. அதன் பேரிங் பரப்பு தேய்ந்து, நாளடைவில் கேம் ஷாஃப்ட்டே பிடித்துக்கொள்ளும்.

விரிசலையும் பார்க்க வேண்டும். இன்டேக் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இடையே உள்ள குறுகிய பாலத்தில்தான் அது முதலில் தோன்றும். பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஊடுருவும் சோதனையோ, தண்ணீர் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து வெந்நீரில் அமிழ்த்தும் சோதனையோ செய்து கொடுக்கச் சொல்லுங்கள். ஹெட் வெளியே வந்துவிட்ட நிலையில் வால்வுகளையும் எடுத்து, பேஸ்ட் போட்டு கிரைண்டிங் செய்து, வால்வு சீல்களைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. பிறகு போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால், வால்வு சரியாக அமராத இடத்தில் எரியறைப் பக்கம் ஈரம் தெரியும்.

பழைய ஹெட் வாங்குவது பற்றி: மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டாலும், புதுப்பேட்டை போன்ற இடங்களில் ஹெட் கிடைக்கும். ஆனால் அது எந்த வண்டியிலிருந்து, எதற்காகக் கழற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அதையும் மேலே சொன்ன எல்லாச் சோதனைகளுக்கும் உட்படுத்தத்தான் வேண்டும். உங்கள் ஹெட் தேறுமானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

மலைப்பாதை எழுதியது:

ஹோஸ் வெடித்ததற்கு ஹோஸின் வயது மட்டும்தான் காரணமா என்று பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகளாகப் போர் தண்ணீர் ஊற்றப்பட்ட வண்டியென்றால் ரேடியேட்டரின் குழாய்களில் உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கும். புதிய கேஸ்கெட் போட்டு அடைத்த ரேடியேட்டரோடு ஓட்டினால் இதே கதை மீண்டும் நடக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அது திறக்கிறதா என்று பாருங்கள். "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று அதை எடுத்தெறிவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அதை எடுத்துவிட்டால் என்ஜின் உரிய வெப்பநிலைக்கு வராமல் ஓடி, பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். ஃபேன் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும், மூடியின் ரப்பர் சரியாக இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் 119 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

முடுக்கிய ஹெட்டை மறுபடியும் முடுக்குவது கேஸ்கெட்டின் வகையைப் பொறுத்தது. அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மீண்டும் முடுக்குவது முறையாகவே இருந்தது, அந்த வழக்கம்தான் எல்லா வண்டிகளுக்கும் சொல்லப்படுகிறது. பல அடுக்கு உலோகக் கேஸ்கெட்டுகளுக்கு அது தேவையில்லை. உங்கள் கேஸ்கெட் உறையிலோ கையேட்டிலோ மறுமுடுக்கம் சொல்லப்பட்டிருந்தால், என்ஜின் குளிர்ந்த நிலையில், ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடியும் முழு அளவுக்கு முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தளர்த்தாமல் மேலேயே முடுக்கினால் நின்றுபோன மரையின் உராய்வைத்தான் ரெஞ்ச் காட்டும். அதன் பிறகு டேப்பெட் இடைவெளியையும் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

வைகைக்கரை97 எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஹெட்டைக் கழற்றிவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு இடையே கேஸ்கெட்டின் உலோக வளையம் அறுந்து, ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குக் கரியாக எரிந்திருக்கிறது. அதே இடத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு பக்கத்திலுள்ள தண்ணீர்த் துளை வரை ஓடுகிறது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்ததில், ஹெட்டில் அந்த இரு சிலிண்டர்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் 0.05 தகடு தாராளமாக நுழைகிறது, 0.10 தகடு நுழையவில்லை. பிளாக்கில் எங்கும் 0.05 நுழையவில்லை. கேம் ஷாஃப்ட் விரலுக்கே சுற்றுகிறது. ஒரு போல்ட்டின் மரை மட்டும் சற்று மெலிந்திருப்பதால் முழு செட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். வாங்கி வந்த கேஸ்கெட்டில் மேல் பக்கத்தைக் காட்டும் குறி எதுவும் இல்லை. மேலும் பிளாக்கில் பெரிதாக இருக்கும் சில தண்ணீர்த் துளைகளுக்கு நேராகக் கேஸ்கெட்டில் மிகச் சிறிய துளைகளே இருக்கின்றன. தவறான கேஸ்கெட்டைக் கொடுத்துவிட்டார்களா, அல்லது அந்தத் துளைகளைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டுமா?

லேத்பட்டறை எழுதியது:

துளைகளைத் தொடாதீர்கள். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் எந்த அளவில், எந்தப் பக்கம் அதிகமாக ஏற வேண்டும் என்பதைக் கேஸ்கெட்டின் சிறிய துளைகள்தான் தீர்மானிக்கின்றன. அவற்றைப் பெரிதாக்கினால் தண்ணீர் பம்ப்புக்கு அருகிலேயே சுருக்கு வழியில் ஹெட்டுக்கு ஏறிவிடும், தூரத்துச் சிலிண்டர் சூடேறும்.

எரிந்த பழைய கேஸ்கெட்டைப் புதியதன் மீது வைத்து ஒவ்வொரு துளையாக ஒப்பிட்டுப் பாருங்கள். இருப்பிடமும் அளவும் ஒத்துப்போனால் அது சரியான கேஸ்கெட்தான். பக்கத்தை அறிய, அதைப் பிளாக்கின் மீது உலர்ந்தபடியே வைத்து, இரண்டு லொக்கேட்டிங் பின்களும் சரியாக உட்கார்கின்றனவா, கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறும் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிப் போட்டால் அந்த ஆயில் துளை மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்டால் ராக்கர்களுக்கு ஆயில் ஏறாது என்பதால், முடுக்குவதற்கு முன் அந்த ஒரு துளையை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் அளவுகளின்படி ஹெட்டில் 0.1 மி.மீ. அளவுக்கு எடுத்தாலே பரப்பு நேராகிவிடும். விரிசல் சோதனையை மட்டும் ஃபேஸிங்குக்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் ஃபேஸிங் கூலியாவது மிஞ்சும்.